பட்டாளத்தார் தூங்கிய மத்தியானம்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள். இது எனக்கு நடந்தது. அதுவும் ராத்திரியில் இல்லை. பட்டப்பகலில், மத்தியானம் மூன்று நாற்பதுக்கு.

நான் வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். அப்போது பார்த்துக்கொண்டிருந்தது ஒரு பழைய சிப்பாயை. தெருவே அவரைப் பட்டாளத்தார் என்றுதான் கூப்பிடும். எழுபத்தெட்டு வயது. நுரையீரலில் புற்று. கல்யாணம் இல்லை. வீட்டில் ஒரு கட்டில், ஒரு மர நாற்காலி, ஒரே ஒரு தட்டு. அந்தத் தட்டைக் கழுவும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது.

என்னை வேலைக்கு வைத்தது அவருடைய தங்கை. முதல் நாளே சொல்லிவிட்டார். "தூங்குறப்ப அண்ணனைத் தொட்டுடாதம்மா. தள்ளி நின்னு கூப்பிடு." சண்டையைப் பார்த்தவர்கள் பலர் அப்படித்தான். திடுக்கிட்டு எழுந்தால் கைதான் முதலில் பேசும். நானும் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் இவர் தூங்கவே மறுத்தார். கண் செருகினால் தன் கன்னத்தில் தானே அடித்துக்கொள்வார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார், வலி மருந்தை மட்டும் தொடமாட்டார்.

"குடிச்சா தூக்கம் வரும்."

"வரட்டுமே ஐயா."

"வந்தா... யாராச்சும் எழுப்புவாங்க."

"யாரும் வரமாட்டாங்க. நான் காவலுக்கு உட்கார்றேன்."

"நீ தூங்கிட மாட்டியே?"

"சத்தியமா மாட்டேன்."

2:10க்கு மருந்தைக் குடித்தார். 2:25க்குக் குறட்டை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கதவைத் தாழிட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஃபேன் சத்தம் மட்டும். முந்தின நாள் இரட்டை டியூட்டி... கண்ணை மூடிவிட்டேன். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

யாரோ என் வலது பாதத்தைத் தட்டினார்கள். இரண்டு தடவை. மெதுவாக... எழுப்பிப் பழகிய கை.

விழித்தேன். மணி 3:40. யாருமில்லை. தாழ் போட்டபடியே இருந்தது.

குறட்டை நின்றிருந்தது.

திரும்பினேன். அவர் குப்புறக் கிடந்தார். முகம் தலையணைக்குள். நகமெல்லாம் நீலம்.

ஓடிப்போய்ப் புரட்டினேன். தொடக்கூடாது என்பதெல்லாம் மறந்துபோனது. ஹக்... ஹக்... மூச்சு வந்தது.

கண்ணைத் திறந்தார். அடி விழும் என்று தலையைக் குனிந்தேன்.

விழவில்லை. அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் நிப்ப? உட்காருடா."

கிறீச்...

நாற்காலி.

நான் திரும்பவில்லை.

அதன்பிறகு அவரே மருந்தைக் கேட்டு வாங்கிக் குடித்தார். குழந்தை மாதிரி தூங்கினார். ஒன்பதாம் நாள் தூக்கத்திலேயே போய்விட்டார்.

வீட்டை ஒழிக்க உதவப் போனபோதுதான் தங்கையிடம் இதைச் சொன்னேன். போர்வை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"கால்லயா தட்டுச்சு?"

"ஆமாம்மா. ரெண்டு தடவை."

கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"சண்டையில அண்ணனுக்கு ஒரு சிநேகிதன். காவல் மாத்துறதுக்காக, தூங்கிட்டிருந்த அண்ணனைக் காலைத் தட்டி எழுப்பியிருக்கான். அண்ணன் எதிரின்னு நினைச்சு... சுட்டுட்டார். அதுக்கப்புறம் ஐம்பது வருஷமா எங்க யாரையும் இந்த வீட்ல தங்க விட்டதில்ல."

அன்று மூச்சு முட்டிக்கொண்டிருந்தது அவருக்கு. எழுப்ப வேண்டியது அவரைத்தான்.

அவரைத் தொட அவனுக்கு இன்னும் பயம் போலிருக்கிறது... என் காலைத் தட்டினான்.