சித்தியின் பாடமும் நாற்பத்திரண்டு பாட்டும்

சித்திக்கு நிச்சயம் ஆன பத்தாவது நாள் பிரான்சிலிருந்து அந்த எம்பித்ரீ பிளேயர் வந்தது. மாப்பிள்ளையோடு வேலை செய்கிற ஒருவர் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தார். சிகரெட் லைட்டர் அளவுதான் இருக்கும். வெள்ளி நிறம், ஒரு பக்கம் நகத்தளவு திரை, அழுத்தினால் நீல வெளிச்சம். எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது. சித்தியின் கல்யாணத்தில் எனக்கு முதலில் பிடித்தது அந்தப் பிளேயர்தான். மாப்பிள்ளையை அதற்கப்புறம்தான் பிடித்தது, அதுவும் அதை அனுப்பினார் என்பதற்காக.

அம்மாவைப் பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் அம்மாவின் தங்கை எங்களோடுதான் இருந்தாள். பட்டப்படிப்பு முடித்துவிட்டு, பக்கத்தில் ஒரு நர்சரி பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கட்டிக்கொடுப்பது தன் பொறுப்பு என்பதை அப்பா மறக்கவில்லை. உறவுக்காரர்களும் மறக்கவிடவில்லை. அப்படி இருக்கும்போது கருவடிக்குப்பத்திலிருந்து ஒரு சொல்தா வீட்டுச் சம்பந்தம் தேடி வந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். மாப்பிள்ளையின் அப்பா அப்படிப்பட்டவர், காலமாகிவிட்டார். மாப்பிள்ளைக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டி, அதாவது குடியுரிமை, இருந்தது, பாரிஸ் பக்கத்தில் வேலை இருந்தது. அப்பா அந்த மாதம் முழுக்க ஸ்கூட்டரை வழக்கத்தைவிடச் சத்தமாக உதைத்துக் கிளப்பினார். சித்தியிடம் சம்மதம் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. கேட்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

விசா வாங்குவதற்கு முன்னால் பெண்ணுக்குக் கொஞ்சமாவது பிரெஞ்சு பேசத் தெரியவேண்டும், அதற்கு ஒரு பரீட்சை இருக்கிறது என்றார்கள். சித்தி வகுப்புக்குப் போவதாகச் சொன்னாள். "கிளாஸ் எதுக்கு, நானே சொல்லித் தர்றேன்" என்று மாப்பிள்ளை போனில் சொல்லிவிட்டார். அப்படித் தன் குரலில் அவர் பதிந்து அனுப்பிய பாடம்தான் அந்தப் பிளேயரில் இருந்தது.

முதல் நாள் சித்தி ஒரு காதிலும் நான் ஒரு காதிலும் மாட்டிக்கொண்டு கேட்டோம். அவர் பிரெஞ்சில் ஒன்று சொல்வார், பிறகு தமிழில் அர்த்தம் சொல்வார், பிறகு நாம் திருப்பிச் சொல்வதற்காகக் கொஞ்சம் இடைவெளி. "ழெ ரெஸ்த் அ லா மெசோன். நான் வீட்லயே இருக்கேன்." இடைவெளி. "ழெ ப்ரெபார் லெ ரெப்பா. நான் சமைக்கிறேன்." இடைவெளி. "ழெ தத்தான். நான் உங்களுக்காகக் காத்திருக்கேன்." நடுநடுவே, "தப்பு. சத்தமா. மறுபடியும் சொல்லு" என்று அதையும் பதிந்திருந்தார்.

"கரெக்டாத்தான சித்தி சொன்ன, ஏன் தப்புங்கறாரு?" என்று கேட்டேன்.

"நான் சொன்னது அவருக்குக் கேக்கல இல்ல" என்றாள் சித்தி.

எனக்கு அது நல்ல வேடிக்கையாக இருந்தது. ஒரு வாரத்தில் பாதிப் பாடம் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் கேள்வி கேட்டால்கூட 'ழெ தத்தான்' என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வேன்.

இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை சித்தி என்னைக் கூப்பிட்டு பிளேயரையும் நான்காக மடித்த ஒரு தாளையும் கையில் கொடுத்தாள். தாளின் இரண்டு பக்கமும் பாட்டுகளின் முதல் வரியை எழுதியிருந்தாள். நாற்பத்தொரு பாட்டு. பழைய படம், புதுப் படம், சாமிப் பாட்டு எல்லாம் கலந்து கிடந்தது. காலேஜுக்குப் போகும் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அங்கே பட்டியலைக் கொடுத்தால் கம்ப்யூட்டரிலிருந்து பாட்டு ஏற்றித் தருவார்கள். "நீயே போய் ஏத்திக்கிட்டு வந்துடு. ஒண்ணு விடாம ஏறணும்" என்றாள். அவளே வராதது எனக்கு ஆச்சரியமாக இல்லை. நிச்சயம் ஆன பெண் கடைத்தெருவில் நிற்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள்.

போகிற வழியில் வேப்பமரத்து நிழலில் நின்று, தாளின் அடியில் பென்சிலால் நாற்பத்திரண்டாவதாக ஒரு பாட்டை எழுதினேன். பள்ளி ஆண்டு விழாவில் நாங்கள் ஆட இருந்த குத்துப்பாட்டு அது.

கடைக்கார அண்ணன் பிளேயரைச் சொருகிப் பார்த்துவிட்டுத் தாளையும் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"இவ்ளோ கொள்ளாது பாப்பா. இதுல ஏதோ பேசிப் பதிஞ்சது கெடக்குது, பாதி எடத்த அதான் புடிச்சிருக்கு. அழிச்சாத்தான் முழுசா ஏறும். இல்லன்னா கடைசிப் பத்துப் பதினஞ்சு பாட்ட விட்டுடணும்."

கடைசிப் பாட்டு எது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

"வூட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு வர்றியா? நான் இங்கதான் இருப்பேன்" என்றார். வீடு ஐந்து நிமிஷ நடைதான். அந்த ஐந்து நிமிஷத்தை நான் ஏன் நடக்கவில்லை என்று இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். போனால் சித்தி என் பாட்டைப் பார்த்துவிடுவாள் என்று பயந்தேனா, வெயிலா, சும்மா சோம்பலா. எதுவாக இருந்தாலும் நான் சொன்னது இதுதான்: "அழிச்சிடுங்கண்ணா. சித்திக்கு அதெல்லாம் படிச்சு முடிஞ்சிடுச்சு."

திரையில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்து போய் முடிந்தது. அது முடிந்த பிறகுதான், திரும்பக் கொண்டுவர முடியுமா என்று அவரிடம் கேட்டேன். முடியாது என்றார்.

வீட்டில் பிளேயரைக் கொடுத்துவிட்டு நேராகக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். எப்படியும் சித்தி வந்து கதவைத் தட்டுவாள் என்று இருந்தேன். தட்டவில்லை. வெளியே வந்து பார்த்தால் ஜன்னலோரமாகக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. "பாரு, எப்படி மனசு வெச்சுப் படிக்கிறா" என்று அம்மா அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள். பாட்டுதான் ஓடுகிறது, பாடம் ஓடவில்லை என்று எனக்கு மட்டும் தெரியும். சித்திக்கும் தெரியாமல் இருக்க முடியாதே என்று ஒரு யோசனை வந்தது, ஆனால் அதைத் தொடர்ந்து போக எனக்குத் தைரியம் இல்லை. மறுநாளும் அப்படியே உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும்.

என் கணக்கு எளிமையானது. பாடம் இல்லை என்றால் சித்தி பரீட்சையில் தோற்பாள். தோற்றால் விசா கிடைக்காது. விசா கிடைக்காவிட்டால் கல்யாணம் நின்றுவிடும். அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிட்ட பிறகு, ஒரு குத்துப்பாட்டுக்காக நான் எல்லாவற்றையும் கெடுத்தவள் ஆவேன். சாப்பாடு இறங்கவில்லை. வயிற்றில் பூச்சி என்று அம்மா மருந்து கொடுத்தாள். தினமும் சித்தியின் உதட்டைப் பார்ப்பதும், அவள் திரும்பினால் புத்தகத்துக்குள் குனிவதுமாகக் கழிந்தது. ஒருநாள் எனக்கு ஞாபகம் இருந்த பிரெஞ்சு வாக்கியங்களையெல்லாம் தமிழ் எழுத்தில் ஒரு ரஃப் நோட்டுத் தாளில் எழுதினேன். முப்பது தேறியது. அதைச் சித்தி பள்ளிக்கு எடுத்துப்போகும் பையில் அவளுக்குத் தெரியாமல் வைத்தேன். மறுநாள் அந்தத் தாள் குப்பைக் கூடையில் கிடந்தது. தெரியாமல் விழுந்திருக்கும் என்று எடுத்து, சுருக்கத்தை நீவி, திரும்பவும் பைக்குள் வைத்தேன்.

முகூர்த்தப் புடவை பார்க்க மாப்பிள்ளையின் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். உயரமான மனுஷி, குதிகால் வைத்த செருப்பு, கைப்பை. பேச்சில் பாதிக்கு 'வொய்லா' என்பார். அம்மா பெருமை தாங்காமல் ஆரம்பித்தாள்: "காதுல மாட்டுனா கழட்டறதே இல்லீங்க. உங்க புள்ள சொல்லிக் குடுக்கறது அப்படிப் புடிச்சுப்போச்சு அவளுக்கு."

"அப்படியா? எங்க, எப்படித்தான் நடத்துறான்னு நானும் கேக்குறேன். பள்ளிக்கூடத்துல அவன் ஒருநாளும் பாடம் கேட்டதில்ல" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

சித்தி எழுந்து போய் பிளேயரை எடுத்துவந்து கொடுத்தாள். ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. அந்த அம்மா கம்மலை ஒதுக்கிவிட்டு மாட்டிக்கொண்டு பட்டனை அழுத்தினார். முகம் மகனைத் தேடியது. கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டார். எங்கள் ஆண்டு விழாப் பாட்டின் மேளம் காதையும் தாண்டிக் கசிந்து கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது.

"என்னடி பொண்ணே இது. எம்புள்ள இப்படியா பாடம் நடத்துறான்" என்றார். சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. அழுத்தி அழுத்திப் பார்த்தார். "அவன் கொரலையே காணோமே."

அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அதற்கு மேல் தாங்கவில்லை. "நான்தான் அழிச்சேன்" என்று எழுந்து நின்றேன்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அப்போது சித்தி பேசினாள். அவள் குரல் அவ்வளவு தெளிவாக நான் கேட்டதில்லை.

"அவ இல்லீங்க. நான்தான் அழிக்கச் சொல்லிக் குடுத்தனுப்புனேன். எனக்கு அது வேணாம்னு தோணுச்சு." ஒரு மூச்சு விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தாள். "மாமா, எனக்கு வேணாம்."

அம்மாவின் கையில் புடவை பாதி பிரிந்து தொங்கியது. இத்தனை நாள் என்னைத் தின்றுகொண்டிருந்த தப்பைச் சித்தி எனக்காகத் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. விடக் கூடாது என்று தோன்றியது. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கத்தி அழுதேன். "இல்ல, சித்தி எனக்காகப் பொய் சொல்லுது. அழிக்கச் சொல்லவே இல்ல. அந்த அண்ணன் வூட்ல கேட்டுட்டு வரச் சொன்னாரு, நான்தான் கேக்காம அழிக்கச் சொன்னேன். என் டான்ஸ் பாட்டுக்காக. வேணும்னா கடையில போய்க் கேளுங்க." தாளில் பென்சிலால் எழுதியதைச் சொன்னேன். பையில் வைத்த முப்பது வாக்கியத்தைச் சொன்னேன். சித்தி என் கையை விடுவிக்கப் பார்த்தாள். நான் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மாதான். "பா க்ராவ், பா க்ராவ். ஒண்ணும் குடி முழுகிடல" என்று என்னைப் பக்கத்தில் இழுத்துக் கண்ணைத் துடைத்தார். அப்பாவிடம் சொன்னார்: "பாத்தீங்களா, அக்கா பொண்ணு அடி வாங்கக் கூடாதுன்னு பழிய இவ எடுத்துக்கப் பாக்குறா. இந்த மனசு யாருக்கு வரும். நான் எம்புள்ளைக்குச் சரியாத்தான் பாத்திருக்கேன்."

அப்பா மூச்சுவிட்டார். அம்மா புடவையை மறுபடியும் மடிக்க ஆரம்பித்தாள். "வேணாம்னா என்னா அர்த்தம்னு ஒரு நிமிஷம் எனக்கு ஒண்ணும் புரியல" என்று அப்பா சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள். தை பிறந்து இரண்டாவது வாரத்துக்கு அன்றே நாள் குறித்தார்கள். பத்து நாளில் மாப்பிள்ளை பாடம் முழுவதையும் திரும்பப் பதிந்து, இன்னும் பெரிய பிளேயராக அனுப்பினார்.

சித்தி பரீட்சையில் தேறினாள், போனாள். இரண்டு பையன்கள். வீடியோ காலில் வரும்போது நன்றாகத்தான் இருக்கிறாள், பையன்களை பிரெஞ்சில் அதட்டுகிறாள், என் மகளுக்கு என்ன சைஸ் சட்டை என்று கேட்கிறாள். அவள் சந்தோஷமாகவே இருக்கலாம். எல்லாவற்றையும் நானே பெரிதாக்கிக்கொள்கிறேன் என்று என் கணவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஒவ்வொரு தடவையும், அந்த ஞாயிற்றுக்கிழமை வேணாம் என்று நீ சொன்னது எதை என்று கேட்க வாயெடுக்கிறேன். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறேன். ஐந்து வயது மகளுக்கு எது நடந்தாலும் உண்மையைச் சொல்லவேண்டும் என்று தினம் சொல்லிக்கொடுக்கிறேன். சொல்லிவிட்டு, இதை இன்னும் கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று அன்றைக்கெல்லாம் யோசிக்கிறேன்.

அன்று அவர்கள் கிளம்பிப் போனதும் சித்தி பின்கட்டில் காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் போய் நின்றேன். இத்தனை நாள் பாரம் இறங்கி உடம்பே லேசாக இருந்தது. அவளும் அப்படித்தான் இருப்பாள் என்று நினைத்தேன்.

"கோவமா சித்தி?"

அவள் திரும்பவில்லை. ஒரே டம்ளரை வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கோவம் என்னா. நீ நடந்ததத்தான சொன்ன" என்றாள்.

அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு நான் விளையாட ஓடினேன்.