கயிற்றை எண்ணிய கைக்கடிகாரம்

பல் டாக்டரின் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களைச் சமாதானப்படுத்துவது அவள் வேலை. அதனால் குத்துச்சண்டைக் கூடத்தில் அவளுக்குப் பெயர் பல்லக்கா. ஐம்பதைத் தாண்டிய பிறகு அங்கே சேர்ந்தவள். முதலில் சிரித்தவர்கள் அவளுடைய இடது கை அடி ஒன்றை வாங்கியதும் வாயை மூடிக்கொண்டார்கள்.

மகன் வெளியூரில் இருந்தான். கைக்கடிகாரம் ஒன்றை வாங்கி அனுப்பி, அதில் பதிவாகும் துடிப்பும் கலோரியும் தன் போனுக்கும் வரும்படி செய்திருந்தான். அவன் அப்பா மாரடைப்பில் போனவர். அவன் பயத்தைக் குறை சொல்ல முடியாது. அவளும் மறுக்காமல் கட்டிக்கொண்டாள்.

அன்று அவளுக்கு முதல் போட்டி. கையில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தபோது, பயிற்சி தரும் மாஸ்டர் வந்து நின்றார்.

“அக்கா, இன்னைக்கு நீங்க ரிங்ல ஏற வேணாம்.”

“ஏன்?”

“உங்க பையன் போன் பண்ணினாரு. நேத்து கயிறு தாண்டுறப்போ உங்க துடிப்பு நூத்தி எண்பதுக்குப் போயிடுச்சாம். ஏதாவது ஆச்சுன்னா நான்தான் பொறுப்பாம்.”

அவள் மாஸ்டரின் மார்புப்பட்டையைக் கேட்டு வாங்கினாள். துடிப்பை நெஞ்சிலிருந்தே எடுத்துப் போனில் காட்டும் கருவி அது. இரண்டையும் மாட்டிக்கொண்டு கயிறு தாண்டினாள். கடிகாரம் எகிறியது, பட்டை நூற்று நாற்பதில் நின்றது. அவள் வேகத்தைக் குறைத்ததும் கடிகாரம் கயிற்றோடு சேர்ந்து சரிந்தது. பட்டை இறங்க மனமில்லாமல் அங்கேயே நின்றது.

“இது உங்க துடிப்பை எண்ணலக்கா, கயித்தை எண்ணுது!” என்றார் மாஸ்டர். உடனே அவரே மகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து விஷயத்தைச் சொன்னார்.

“அறுநூறு கலோரி எரிச்சுட்டேன்னு கைதட்டுற படம் அனுப்பினியே, அதுவும் இதே கடிகாரம்தானே? அதை மட்டும் எப்படி நம்பினே?” என்றாள் அவள்.

“சரிம்மா, என் தப்புதான். பட்டை சரியாக் காட்டுதுன்னா நீ ஏறு.”

இதைக் கேட்டதும்தான் அவளுக்குக் கோபமே வந்தது. எண் தப்பாக இருந்ததால் கிடைத்த அனுமதி, நாளைக்கு எண் உண்மையாகவே ஏறினால் போய்விடும். அப்படி ஒரு அனுமதி அவளுக்குத் தேவையில்லை.

“ஹார்ட் டாக்டர் என்னை ஓட வச்சுப் பாத்துட்டாரு. ரிப்போர்ட்டை உனக்கும் காட்டினேன். மூச்சு முட்டினா நானே இறங்குவேன். கடிகாரம் தப்பாச் சொன்னாலும் சரியாச் சொன்னாலும், ஏறுறதும் இறங்குறதும் என் முடிவு. உன்னைக் கேட்டுட்டா உன்னைப் பெத்தேன்?”

மாஸ்டர் சிரிப்பை மறைக்க இருமினார்.

“பயமா இருக்கும்மா.”

“எனக்கும் பயம்தான். அதுக்காக உன்னை பைக் ஓட்டாதேன்னு சொன்னேனா?”

“தினமும் சொல்றியே!”

“நீ கேட்டியா?”

அவனுக்குத் தகவல் போகும் வசதியை அவன் லைனில் இருக்கும்போதே நிறுத்தினாள். கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டாள்.

“பொறுப்பு?” என்று இழுத்தார் மாஸ்டர்.

“என்னுது” என்றபடி கையுறைக்குள் கையை நுழைத்தாள்.

எதிரே நின்றவளுக்கு இவள் வயதில் பாதி. பல்லக்கா மூன்று சுற்றிலும் நன்றாக அடி வாங்கினாள், தோற்றாள். மூக்கில் பஞ்சோடு கீழே இறங்கியவள், அடுத்த போட்டி எப்போது என்று மாஸ்டரிடம் கேட்டாள்.