உதடு சேராத நாட்கள்

போன மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. பல் துலக்கிவிட்டு வாய் கொப்பளித்தேன். தண்ணீர் வாயில் நிற்கவில்லை. இடது பக்கமாக ஒழுகி நைட்டியை நனைத்தது. டம்ளரில்தான் ஓட்டை என்று நினைத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மறுபடி ஊற்றினேன். மறுபடி ஒழுகியது. பிறகுதான் கண்ணாடியில் பார்த்தேன். என் முகத்தில் வலது பாதி மட்டும் என் பேச்சைக் கேட்டது. இடது கண் மூட மறுத்தது. சிரித்துப் பார்த்தால் வாய் முழுவதும் வலது காது பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

அம்மாவைக் கூப்பிட்டேன். "அன்னா" என்று ஏதோ வந்தது. நான் விளையாடுகிறேன் என்று நினைத்து அம்மா அடுப்படியிலிருந்து திரும்பக்கூட இல்லை.

அம்மனை நம்பி இருக்கும் அக்கா தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். வாயால் சொல்லி வேறு யாரையும் எழுத வைக்கவில்லை, நானே எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் தமிழில் பட்டமும் பி.எட்.டும் வாங்கினேன். எங்கள் ஊர் கெடாரிலிருந்து விழுப்புரம், அங்கே பஸ் மாறித் திண்டிவனம். அங்கே ஒரு தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். இந்த டீச்சருக்கு மைக் வேண்டாம் என்று அந்தப் பள்ளியில் சொல்வார்கள். பெருமையாகத்தான் சொல்கிறேன். குரலும் உச்சரிப்பும் தவிர என்னிடம் வேறு சொத்து கிடையாது. அது போய்விட்டால் நான் மறுபடி மல்லாட்டைக் காட்டுக்கு, வேர்க்கடலை பிடுங்கத்தான் போக வேண்டும். அந்த வியாழக்கிழமை எனக்கு வந்த பயம் அதுதான்.

விழுப்புரத்தில் நரம்பு டாக்டரிடம் அப்பா அழைத்துப் போனார். டாக்டர் நெற்றியைச் சுருக்கச் சொன்னார், கன்னத்தை உப்ப வைக்கச் சொன்னார். இரண்டும் பாதிதான் நடந்தது.

"பக்கவாதம் இல்லம்மா, பயப்படாத. முகத்துக்குப் போற நரம்பு வீங்கியிருக்கு. மாத்திரை போடு, கண்ணுக்குச் சொட்டு மருந்து விடு, தூங்கறப்ப கண்ணு மேல பிளாஸ்திரி ஒட்டிக்கோ. பெரும்பாலும் சரியாயிடும்."

அப்பாவுக்கு 'சரியாயிடும்' என்பது காதில் விழுந்தது. எனக்கு 'பெரும்பாலும்' விழுந்தது. டாக்டர் எதையோ மறைக்கிறார் என்று தோன்றியது. மருந்துக்கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்று மாத்திரை அட்டையில் இருந்த பெயரையும் சீட்டில் இருந்த பெயரையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். சரியாகவே இருந்தது. அதுவும் பிடிக்கவில்லை.

வீட்டில் அம்மா வேறு கட்சி.

"நரம்பாம் நரம்பு. யாரோ மருந்து வெச்சிட்டாங்க."

சாப்பாட்டில் எதையாவது கலந்து கொடுத்து ஆளை முடக்குவதை எங்கள் பக்கம் மருந்து வைப்பது என்பார்கள். காரணம் தெரியாத எந்த நோய்க்கும் இந்தப் பேச்சு வரும்.

"டாக்டரு சொல்லிக்கினு இருக்கறாரு, நீ வேற பேஜாரு பண்ணாத," என்றார் அப்பா.

படித்தவள் நான், இதெல்லாம் மூடநம்பிக்கை என்று அம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். என் வாயிலிருந்து காற்றுதான் வந்தது. "இன்னாடி சொல்ற, பசிக்குதா?" என்று கேட்டாள்.

அம்மா சொன்னதை நான் நம்பவில்லை. ஆனால் அந்த வாரம் யார் கையில் வாங்கிச் சாப்பிட்டேன் என்று யோசிக்காமலும் இருக்க முடியவில்லை. யோசித்தால் ஒரே ஒரு கை கண்ணுக்கு முன்னால் வந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் கை.

அப்பாவின் அண்ணன் மனைவி அவர். பெரியப்பா இறந்த பிறகு தனியாக இருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு போர்வெல். யார் முறைக்கு மோட்டார் போடுவது என்பதில் சண்டை வந்து, நான் பள்ளியில் படிக்கும்போதே பேச்சு நின்றுவிட்டது. அப்படிப்பட்டவர், எனக்கு வாய் கோணிய அதே வாரத்தில், அவித்த மல்லாட்டை ஒரு கிண்ணம் நிறைய மதில் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் அதைச் சாப்பிட்டுக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினேன்.

கிண்ணத்தை எடுத்து மோந்து பார்த்தேன்.

பள்ளிக்கு முகக்கவசம் போட்டுக்கொண்டு சில நாள் போனேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார முடியாது. காற்று அடித்தால் மூடாத கண் எரியும். யாராவது போனை எடுத்தால் என்னைத்தான் படம் எடுக்கிறார்கள் என்று திரும்பிக்கொள்வேன். வகுப்பில் 'பம்பரம்' என்று சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்கள் மேல் தப்பு இல்லை, அது பம்பரமாக வரவில்லை. தாளாளர் கூப்பிட்டு, "நல்லா ரெஸ்ட் எடுங்க மேடம். ஜூன்ல ஸ்கூல் திறக்கறதுக்குள்ள சரியானா பாக்கலாம். அவசரமே இல்ல," என்றார். அவசரம் இல்லை என்றால் வேறு ஆள் பார்த்தாகிவிட்டது என்று அர்த்தம். அடுத்த வாரமே என் வகுப்புக்கு இன்னொரு டீச்சர் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். குரல் நன்றாக இருக்கிறதாம்.

வீட்டில் இருந்தபோதுதான் மனித முகம் ஒரு நாளைக்கு எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்தேன். தலைக்குக் குளித்தால் சீயக்காய் நேராகக் கண்ணுக்குள் போனது. டீயை உறிஞ்ச முடியவில்லை, ஸ்பூனால் குடித்தேன். சோறு இடது கன்னத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், விரலை விட்டு எடுக்க வேண்டும். ஈ வந்தால் கண் தானாக மூடும் என்று இத்தனை வருடமாக நம்பி இருந்திருக்கிறேன். எச்சில் விழுங்குவதும் இமை கொட்டுவதும் யாராவது கொடுத்தது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. கோயிலில் நின்று வேலை கேட்டிருக்கிறேன், மார்க் கேட்டிருக்கிறேன். இமைக்காக யார் நன்றி சொல்வார்கள்?

எங்கள் குலதெய்வம் பச்சையம்மன். ஏரிக்கரை தாண்டிக் கோயில். செவ்வாயும் வெள்ளியும் காலையில் போய் நின்றேன். அங்கே எனக்கு நேர்ந்த அவமானத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் பெயரை என்னால் சொல்ல முடியவில்லை. முதல் எழுத்துக்கே உதடு சேர வேண்டும். கடைசியில் மறுபடி சேர வேண்டும். 'அச்சையன்னா' என்று வந்தது. என் பக்கத்தில் ஒரு பொம்பளை சூடம் ஏற்றிக்கொண்டே "பச்சையம்மா, பச்சையம்மா" என்று சுலபமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் மேல் கோபம். அம்மன் மேல் அதைவிடக் கோபம். பெயரையே பிடுங்கிக்கொண்டு, கூப்பிடு பார்க்கலாம் என்று வேடிக்கை பார்க்கிறாளா என்று சந்தேகப்பட்டேன். என் வேண்டுதல் முழுவதும் விசாரணைதான். ஏன் எனக்கு, யார் செய்தது, நீயும் உடந்தையா என்று மனசுக்குள்ளேயே கேட்டுவிட்டுத் திரும்பி வருவேன்.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் தெரிகிற ஏரியில் பெரியம்மா குனிந்து களிமண் அள்ளி ஒரு சட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். அள்ளியதும் சட்டியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். என் பின்னால் வந்து நின்ற அம்மா காதருகில் சொன்னாள்.

"பாத்துக்கினியா? பொம்மை புடிச்சுச் சூனியம் வெக்கறதுக்குத்தான்."

இந்த முறை நான் மூடநம்பிக்கை என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அவர் மஞ்சள் பையோடு கிளம்பினார். கொஞ்சம் விட்டு நானும் பின்னால் போனேன். கோயிலுக்கு வெளியே காவல் தெய்வம் வாழ்முனியின் சிலை, அரிவாளை ஓங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதன் காலடியில் பையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு மண் முகம் எடுத்தார். மஞ்சள் பூசியிருந்தது. இடது கண்ணில் ஏதோ தகடு மின்னியது. வாயில் மட்டும் குங்குமத்தை அப்பியிருந்தார். என் கண், என் வாய். ஓடிப் போய்க் கத்தினேன்.

எனக்குத் தெரிந்த வசவு எல்லாவற்றுக்கும் உதடு தேவைப்பட்டது. 'பாவி' வரவில்லை. 'படுபாவி' அதைவிட மோசம். 'பெரியம்மா' என்று கூப்பிடவும் முடியவில்லை.

பெரியம்மா நிமிர்ந்து பார்த்தார். "இன்னாடி சொல்ற? ஒண்ணும் விளங்கல. நிதானமா சொல்லு."

"யாருக்குச் சூனியம்?" இதை மட்டும் எப்படியோ சொல்லிவிட்டேன்.

"சூனியமா?" என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "சூனியம் வெக்கறவ பட்டப்பகல்ல, பூசாரி பாக்க, மஞ்சப் பை எடுத்துக்கினு வருவாளாடி? படிச்சவதான நீ?"

பூசாரி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "உங்க பெரியம்மா உனக்காவத்தான் பாப்பா வெள்ளிக்கு வெள்ளி மத்தியானத்துல வந்துக்கினு இருக்குது."

நான் பூசாரியையும் நம்பவில்லை. மண் முகத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கண்ணில் இருந்தது கண்மலர். கண் நோவு தீர வேண்டும் என்று அம்மனுக்குச் சாத்துகிற வெள்ளித் தகட்டுக் கண். நானே சிறுவயதில் வாங்கிப் போட்டிருக்கிறேன்.

"கடையில உன் கண்ணுக்குக் கேட்டேன், குடுத்தான்," என்றார் பெரியம்மா. "வாய் குடுடான்னேன். கை இருக்குது, காலு இருக்குது, வாயெல்லாம் வர்றதில்லம்மான்னுட்டான். அப்புறம் இன்னா பண்ணச் சொல்ற? ஏரி மண்ணு எடுத்து நானே புடிச்சேன். கண்ணு கூட அப்புறம் பாத்துக்கலாம். உனக்கு வாய்தானடி முக்கியம்."

"எங்க வீட்டோட பேச்சே இல்லையே உங்களுக்கு," என்றேன். எப்படியோ புரிந்துகொண்டார்.

"உங்கப்பன்கிட்டதான் எனக்குப் பேச்சு இல்ல. அம்மன்கிட்ட இருக்குது."

மண் முகத்தைத் திரும்ப வாங்கி அதன் வாயை விரலால் தடவிக்கொண்டே சொன்னார்.

"வாய் கொஞ்சம் பெருசா போச்சு. உன் அளவுக்குத்தான் வெச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சேர்ந்து வந்தது. பெரியம்மா என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"இரு. இன்னொரு தபா சிரி."

"ஏன்?"

"சிரிடின்றன்."

போனை எடுத்து முகத்தைப் பார்த்தேன். மூக்குக்குப் பக்கத்தில், இடது கன்னத்தில், ஒரு சின்ன மடிப்பு விழுந்தது. வெளிச்சம் அப்படிக் காட்டுகிறது என்று நினைத்துத் திரும்பி நின்று பார்த்தேன். அங்கேயும் விழுந்தது. பூசாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அசையுது பாப்பா," என்றார். நான் சன்னதிக்குப் போய் நின்று அவள் பெயரைச் சொன்னேன். முதல் எழுத்தில் காற்று போனது. கடைசியில் 'ம்மா' என்று உதடு இரண்டும் ஒட்டியது. தெளிவாக ஒட்டியது. அந்த ஓர் எழுத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றேன்.

டாக்டரிடம் மண் முகத்தைப் பற்றிச் சொன்னேன். "மாத்திரையை நிறுத்தலையே?" என்றுதான் கேட்டார். நான் நிறுத்தவில்லை, நீங்களும் நிறுத்தாதீர்கள். மாத்திரை வேலை செய்ததா, மண் முகமா என்று என்னைப்போலச் சந்தேகப்படுகிறவர்கள் கேட்கலாம். நானும் பல நாள் கேட்டுப் பார்த்தேன். நரம்பு வீக்கம் எப்போது வடிந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மாதம் முழுவதும் நான் செய்தது வேண்டுதல் இல்லை, குற்றச்சாட்டுதான். எனக்காக உண்மையில் கேட்டவர் யார் என்று எனக்குத் தெரியும். அவர் கேட்ட இடத்தில், அவர் கண் முன்னால்தான் என் கன்னம் அசைந்தது. இதற்கு மேல் எனக்குச் சாட்சி வேண்டாம்.

சித்திரையில் இடது கண்ணும் மூடத் தொடங்கியது. பள்ளி திறந்த நாளில் என்னை ஒரு பாடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார் தாளாளர். வாசித்தேன். என் வகுப்பு எனக்கே வந்தது. களைத்துப்போனால் இடது உதடு இன்றும் கொஞ்சம் பின்தங்கும். பரவாயில்லை.

அப்பா பெரியம்மாவிடம் ஒன்றும் பேசவில்லை. ஆனால் பெரியம்மாவின் முறை வரும் காலையில் தானே போய் மோட்டார் போட்டுவிட்டு வருகிறார். அம்மா மட்டும் இன்னும் பெரியம்மா தரும் கிண்ணத்தை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே கொண்டு போகிறாள். நானும் ஒரே நாளில் எல்லோரையும் நம்புகிறவளாக மாறிவிடவில்லை. சந்தேகம் வரும்போது, அந்த ஆள் எனக்காகவும் எங்காவது நின்று கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று ஒரு நிமிடம் சேர்த்து நினைக்கிறேன். அவ்வளவு மாற்றம் வந்திருக்கிறது.

இந்த ஆடியில் பெரியம்மா கோயிலுக்கு நடக்கக் கஷ்டப்பட்டார். முட்டி வீங்கி, மடக்க முடியவில்லை. கடையில் போய்க் கேட்டேன். முழுக்கால் இருக்கிறது, முட்டி தனியாக வராது என்றார்கள். ஏரியில் இறங்கிக் களிமண் எடுத்து நானே பிடித்தேன். பெரியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாடி இது, கொழுக்கட்டையா?"

மஞ்சள் பூசி வாழ்முனி காலடியில் வைத்திருக்கிறேன். டாக்டரிடமும் அழைத்துப் போய் வந்தேன். இன்னும் குணமாகவில்லை. இதைப் படிக்கிற நீங்கள் எந்த ஊராக இருந்தாலும் சரி, உங்கள் அம்மனிடம் உங்களுக்காகக் கேட்கும்போது ஒரு வார்த்தை சேர்த்துக் கேளுங்கள். அவள் கொடுப்பாள், எனக்குக் கொடுத்தாள். எங்கள் பெரியம்மாவின் பெயர் சகுந்தலா. வலது முட்டி.