இன்னும் திருப்பித் தராத ஊக்குகள்

எங்கள் அக்கா இல்லாமல் ஒரு வருடம் கழிந்துவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பைத் தம்பியாகிய என்னிடம் விட்டிருக்கிறார்கள். பிலிமத்தலாவையில் நூல், பொத்தான், பின்னல் சாமான்கள் விற்கும் கடையில் நிற்பவன் நான். ஆனால் ஒரு கண்ணிகூடப் பின்னத் தெரியாது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அக்கா இதைச் சொல்லிச் சிரிப்பார்.

கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். அம்மா கொழுந்து பறிக்கப் போய்விட, எங்களைக் குளிப்பாட்டிச் சோறு போட்டு வளர்த்தது அவர்தான். உடைந்த குடையின் கம்பிகளைக் கல்லில் தேய்த்து, அவற்றை வைத்தே பின்னல் பழகினார். பழைய சுவெட்டரைப் பிரித்தால் கிடைக்கும் நூல்தான் நூல். பிறகு பல்லேகலையில் ஆடைத் தொழிற்சாலையொன்றில் வேலை கிடைத்தது. அங்கே திகனயிலிருந்து வரும் முஸ்லிம் பெண் ஒருவர் அவருக்குத் தோழியானார். அவருக்கும் பின்னல் தெரியும். அக்காவுக்கு மூத்தவர் என்பதால் நாங்கள் எல்லோரும் அவரை ராத்தா என்றே அழைப்போம்.

திருமணத்துக்குப் பின் அக்கா பின்னியதெல்லாம் பெரும்பாலும் அத்தானுக்குத்தான். அத்தான் நுவரெலியாவுக்கும் கண்டிக்குமாக மரக்கறி லொறி ஓட்டுபவர். குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. நான் கடையிலிருந்து நல்ல கம்பிகள், கண்ணிகளுக்கு அடையாளம் வைக்கும் பிளாஸ்டிக் வளையங்கள், பாதிக் கண்ணிகளைக் கோர்த்து நிறுத்தி வைக்கும் நீளமான ஊக்கு என்று கொண்டுபோய்க் கொடுப்பேன். அக்கா கம்பிகளை மட்டும் எடுத்துக்கொள்வார்.

"மத்ததெல்லாம் கடைக்கே கொண்டு போடா. எனக்கு இது போதும்" என்று தாலிக்கொடியில் தொங்கும் ஊக்குகளைக் காட்டுவார்.

உண்மையாகவே அவருக்கு அது போதும். கழுத்துப் பக்கம் பின்னும்போது ஒரு பாதியை ஊக்குகளில் மாட்டிவிட்டு மறு பாதியைப் பின்னுவார். வேலை முடிந்ததும் ஊக்குகள் மறுபடி கொடிக்குப் போய்விடும். என் வியாபாரம் அவரிடம் செல்லவே இல்லை.

நோய் வந்தபோது நாங்கள் அலையாத இடமில்லை. கடைசியில் வைத்தியர்களே, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார்கள். அப்போது அக்கா அத்தானுக்கு ஒரு நீலச் சுவெட்டர் தொடங்கியிருந்தார். விரல்கள் வீங்கிக் கம்பி நழுவியது. நான் கனமில்லாத மூங்கில் கம்பிகள் கொண்டுவந்தேன். கொஞ்சம் பின்னுவார், அயர்ந்துபோவார். "மழைக்கு முந்தி முடிச்சிருவேன்டா" என்பார். என்னால் கம்பியைத்தான் மாற்றிக் கொடுக்க முடிந்தது. நெஞ்சு வரை வந்த சுவெட்டர் அதற்கு மேல் ஏறவில்லை.

பெட்டியை மூடுமுன் இறந்தவருக்குப் பிரியமானதை உடன் வைத்து அனுப்புவது எங்கள் வழக்கம். எல்லோரும் அழுதுகொண்டிருக்கையில் அத்தான் உள்ளே போய் வந்தார். தோளில் நீலச் சுவெட்டர், கையில் கம்பிகள். அவற்றைச் சுவெட்டரிலிருந்து உருவியிருந்தார்.

"அவ கையோடயே போகட்டும்" என்று அக்காவின் விரல்களுக்கிடையே வைத்தார்.

அத்தானின் தோளில் கண்ணிகள் கம்பியில்லாமல் நிற்பதை ராத்தாதான் முதலில் கவனித்தார். "அசையாதீங்க தம்பி. இழுபட்டா எல்லாம் கழண்டுடும்."

அப்போதுதான் அத்தானுக்குத் தாம் செய்தது புரிந்தது. கம்பிகளை எடுக்கக் கை நீட்டினார். "பொட்டியில வச்சத திருப்பி எடுக்கக்கூடாதுய்யா" என்று பெரியப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஊரிலுள்ள கம்பியெல்லாம் நான் பூட்டிவிட்டு வந்த கடைக்குள் கிடந்தது. அத்தான் மூச்சு விடவும் பயந்து நின்றார். ஒரு கண்ணி நழுவியது, அதற்குக் கீழே இன்னொன்று. அக்காவுடைய கடைசி வேலை எங்கள் கண்முன் அவிழ்ந்துகொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ராத்தா தம் முக்காட்டிலிருந்த ஊக்கைக் கழற்றிக் கண்ணிகளைக் கோர்க்கத் தொடங்கினார். "இன்னும் தாங்க" என்றார். சுற்றி நின்ற பெண்கள் தாலிக்கொடியிலிருந்தும் வளையலிலிருந்தும் சேலை மடிப்பிலிருந்தும் ஊக்குகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். நழுவும் முந்தானையை ஒரு கையால் பிடித்தபடி மறு கையை நீட்டினார்கள். பெட்டியைத் தூக்க வந்தவர்கள் அதுவரை காத்து நின்றார்கள்.

பிறகு ஒருநாள், அந்தச் சுவெட்டரை முடித்துத் தரும்படி ராத்தாவிடம் கேட்டோம். மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார்.

"என்ட கை இறுக்கம், தம்பி. அவட கை இளக்கம். அவ எந்த எடத்துல நிப்பாட்டினான்னு பின்னலே காட்டிக் குடுத்துடும்."

"அப்ப வேணாம் ராத்தா" என்றார் அத்தான். இந்தக் குளிருக்கும் பழைய சுவெட்டரைப் போட்டுக்கொண்டுதான் லொறி எடுக்கிறார்.

அக்காவின் நோயில் துணையிருந்தவர்களுக்கும், சாவு வீட்டில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்தவர்களுக்கும், இறுதிவரை கூட நடந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது. அன்று ஊக்குக் கொடுத்த சகோதரிகளிடம் தனியாக மன்னிப்புக் கேட்கிறோம். எது யாருடையதென்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் திருப்பித் தர வழியில்லை. ஒன்றைக் கழற்றினாலும் அக்கா பின்னியது அவிழத் தொடங்கிவிடும்.