அக்கா செத்த அன்னிக்கு, குவைத்துல

எனக்குச் சரியா எழுத வராது, ஞாபகமும் தப்பும். பொறுத்துக்குங்க.

குவைத்துல மக வீட்டுல இருந்தப்ப, அரியலூர்ல எங்க அக்கா செத்துப்போச்சுன்னு போன் வந்துச்சு. அடக்கத்துக்குப் போக டிக்கெட் கிடைக்கல. எங்க ஊர்ல சாவு வீட்டுல அடுப்பெரியாது, சொந்தக்காரங்கதான் சோறு கொண்டாருவாங்க. இங்க யாரு இருக்கான்னு நானே உலை வச்சேன்.

அப்ப, நானும் மகளும் போற வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துப் பொண்ணுங்க, மக சொல்லித் தெரிஞ்சு சோத்தோட வந்தாங்க. கூச்சத்துல நான் அவங்ககிட்டப் பேசினதே இல்ல. ஜெயங்கொண்டத்துக்காரி ஒருத்தி அடுப்பை அணைச்சா.

"சாவு வூட்டுல அடுப்பு மூட்டுறீங்களேம்மா, நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?"

"சாவு அரியலூர்லதானே, தாயி."

"நீங்க இங்கதானே அழுவுறீங்க?"

அதுவரைக்கும் அடக்கி வச்சிருந்தேன். அவ தோள்ல சாஞ்சு கதறிட்டேன். அக்கா முகத்தைப் பாக்காத துக்கம் இன்னும் ஆறல. ஆனா அன்னிக்கு நான் அனாதையா அழல.

அப்புறம் அவங்க பைபிள்லேர்ந்து ஒரு சங்கீதம் வாசிச்சாங்க, எந்தச் சங்கீதம்னு என் அழுகையில காதுல விழல. கூட இருந்தவங்க யாராவது இதைப் படிச்சா, எதுன்னு சொல்லுங்க.