ஒரு வக்துக்கான ஒளு

பள்ளிவாசல் கழிப்பறையில்தான் என் நோய் முதலில் தெரிந்தது. எனக்கு அல்ல, வெளியே காத்திருந்தவர்களுக்கு.

எங்களில் ஆண்கள் சிறுநீர் கழித்ததும் சட்டென்று வெளியே வந்துவிட மாட்டோம். கடைசிச் சொட்டும் நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். இருமிப் பார்ப்போம், நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைப்போம், துடைப்போம், அப்புறம்தான் கழுவுவோம். ஒரு சொட்டு வந்தாலும் ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவிச் சுத்தமாவது) முறிந்துவிடும். ஒளு இல்லாமல் தொழுகை இல்லை.

சிலருக்கு இதில் சந்தேகம் முற்றிப்போகும். நின்ற சொட்டும் நிற்காதது போலவே தோன்றும். அதை வஸ்வாஸ் என்போம், ஷைத்தான் மனதில் போடும் சந்தேகம். எனக்கும் அதுதான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

ராயபுரத்தில் லாரிகளுக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்கும் கடை என்னுடையது. பக்கத்துக் கடை காஜா பாய் தினமும் பகல் தொழுகைக்கு என்னோடு வருவார். நான் உள்ளே போய் நேரமானால் கதவைத் தட்டுவார்.

"இன்னா பாய், உள்ளயே குடித்தனம் வெச்சிட்டியா? ஜமாத்து நிக்கப் போவுது, வாய்யா."

வெளியே நிற்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு முன்கோபம் அதிகம். "இரு, இன்னா அவசரம், மவுத்தாவப் (சாகப்) போறியா?" என்று உள்ளிருந்தே கத்துவேன்.

முதலில் சொட்டு நிற்க நேரமானது. பிறகு சிறுநீர் வரவே நேரமானது. நான் துஆ (பிரார்த்தனை) ஓதிக்கொண்டு, பழியை ஷைத்தான் மேல் போட்டுவிட்டு, ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். ஒருநாள் துடைத்த துணியில் சிவப்பு. ஷைத்தான் ரத்தம் காட்டமாட்டான் என்கிற அறிவு அன்றைக்குத்தான் வந்தது.

ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. (ப்ராஸ்டேட் சுரப்பி ரத்தத்தில் விடும் ஒரு புரதம்) கூடியிருந்தது. ப்ராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மூத்திரப்பையின் கீழே இருக்கும் சிறிய சுரப்பி. அப்படி ஒன்று எனக்குள் இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. பிறகு பயாப்சி (ஊசியால் திசுவைக் கிள்ளி எடுத்துச் சோதிப்பது). பிறகு ஸ்கேன். புற்றுநோய்தான், ஆனால் சுரப்பியைத் தாண்டவில்லை என்றார்கள். என் மனைவி ஜமீலா அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு அழுதாள்.

மருத்துவமனையில் ஒரே மாடியில் இரண்டு அறைகள். முதல் அறையில் அறுவைசிகிச்சை மருத்துவர்.

"சுரப்பிய முழுசா எடுத்துடலாம் பாய். கொஞ்ச நாள் கேதீட்டர் (மூத்திரக் குழாய்) இருக்கும். அத எடுத்தப்புறம் யூரின் கசியும். முக்கால்வாசிப் பேருக்கு சரியாயிடும். சில பேருக்கு கொஞ்சம் அப்படியே இருந்துடும்."

"கொஞ்சம்னா?"

"இருமினா, தும்மினா, குனிஞ்சா ஒரு சொட்டு ரெண்டு சொட்டு. பேட் வெச்சிக்கலாம். பெரிய விஷயமில்ல."

குனிந்தால். நான் நாளுக்கு எத்தனை முறை குனிகிறேன், நெற்றியைத் தரையில் வைக்கிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆண்மையைப் பற்றியும் குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை என்றால் அது பொய். ஆனாலும் காதில் நின்றது அந்த ஒரு சொட்டுதான். முன்வரிசையில் தோளோடு தோள் நிற்கும்போது ஒளு போய்விட்டது தெரிந்தும் நின்றுகொண்டிருக்கும் என்னை நினைத்தாலே உடம்பு கூசியது.

அடுத்த அறையில் கதிர்வீச்சு மருத்துவர். நிதானமாகப் பேசும் அம்மா.

"வாரத்துல அஞ்சு நாள் வரணும். கத்தி இல்ல. கசிவு அந்த அளவுக்கு இருக்காது. எரிச்சல், அவசரம், மலத்துல ரத்தம் வரலாம். பின்னாடி நோய் திரும்பினா ஆபரேஷன் பண்றது ரொம்பக் கஷ்டம், அதையும் மனசுல வெச்சிக்கணும்."

"எது நல்லது டாக்டரம்மா?"

"உங்க நிலைமைக்கு ரெண்டும் சரிதான். உங்களுக்கு எது முக்கியம்னு நீங்கதான் சொல்லணும்."

எனக்கு எது முக்கியம் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்திடமும் கேட்கவில்லை. என் மகன் வயதுகூட இருக்காது அவருக்கு. அவர் முன்னால் போய் நின்று, எனக்குச் சொட்டும், என் தொழுகை கூடுமா என்று எப்படிக் கேட்பது? வெட்கம் பிடுங்கித் தின்றது.

வீட்டில் ஜமீலா ஒரே பிடியாக நின்றாள்.

"இன்னாத்துக்கு யோசன பண்ணிகினு கீறீங்க? அந்தக் கருமத்த எடுத்துக் கடாசச் சொல்லுங்க. உள்ள வெச்சிகினு நான் எப்டி நிம்மதியா இருக்கறது?"

"கத்தி வெச்சா தார்ப்பாய் தூக்க முடியாது. கடைய யார் பாக்கறது?" என்றேன். அவள் நம்பினாள். கதிர்வீச்சுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

கதிர்வீச்சு வலிக்காது. வலித்தது காத்திருப்புதான். மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் கதிர் படக்கூடாத குடல் விலகியிருக்கும் என்று, தினமும் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். அந்த பெஞ்சில் நாங்கள் ஐந்தாறு பேர், எல்லாம் வயதானவர்கள், தொடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒருநாள் இயந்திரம் நின்றுபோனது. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்றார்கள். என்னால் முடியவில்லை. கைலி நனைந்து, மூத்திரம் தரையில் ஓடியது. பக்கத்தில் இருந்தவர் காலைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். இந்த வழியிலும் கசிவு வரும் என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சிகிச்சை முடிந்து பி.எஸ்.ஏ. இறங்கியது. ஜமீலா நெய்ச்சோறு ஆக்கிக் காஜா பாய் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாள். ஒரு ரமலான் நன்றாகப் போனது. அடுத்த ரமலானுக்குள் எண் ஏறத் தொடங்கியது. சோதித்துப் பார்த்ததில் நோய் அதே இடத்தில் திரும்பியிருந்தது. கதிர் பட்ட திசு ஒட்டிப்போயிருக்கும், இனிக் கத்தி வைப்பது ஆபத்து என்றார்கள். இப்போது ஹார்மோன் ஊசி (நோய்க்குத் தீனியாகும் ஆண் சுரப்பைக் குறைப்பது). திடீர் திடீரென்று உடம்பு தீயாய்க் கொதிக்கும். மார்பு மெத்தென்று ஆகிவிட்டது. கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை.

எதற்குப் பயந்தேனோ அதுவும் வந்தது. கதிர் பட்ட மூத்திரப்பை சுருங்கி அடக்கம் போய்விட்டது. சொட்டு இல்லை, கசிவு. பேட் வைத்தேன். பள்ளிவாசலுக்குப் போவதை நிறுத்தினேன். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டதும் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்வேன். தொழவும் இல்லை, வியாபாரமும் பார்க்கவில்லை. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம்.

ஒரு மாலை ஹஜ்ரத் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"என்ன பாய், வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குக்கூட ஆளக் காணோம். உடம்புக்கு முடியலயா?"

"ஒளு நிக்கல ஹஜ்ரத்," என்றேன். அதற்கு மேல் அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எந்தச் சிகிச்சையை ஏன் எடுத்தேன் என்பதையும்.

அவர் தலை குனிந்து கேட்டார். "இதுக்கு மார்க்கத்துல வழி இருக்கு பாய். கசிவு நிக்காதவங்க ஒவ்வொரு தொழுகைக்கும் அதோட வக்து (நேரம்) வந்ததும் சுத்தம் பண்ணி, துணி மாத்தி, புதுசா ஒளு செஞ்சிக்கணும். அதுக்கப்புறம் கசிஞ்சாலும் அந்த வக்துக்குத் தொழுகை கூடும். நோயாளிக்கு அல்லா சிரமத்த வெக்கல." கொஞ்சம் நிறுத்தி, "அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்த..." என்று தொடங்கியவர் பாதியில் விட்டுவிட்டார்.

சமையலறை வாசலில் டீத் தட்டோடு ஜமீலா நின்றுகொண்டிருந்தாள். ஹஜ்ரத் போனதும் தட்டைக் கீழே வைத்தாள்.

"கடைக்காகன்னு சொன்னீங்களே. ஒரு சொட்டுக்காகவா அத உள்ளயே வெச்சிகினு இருந்தீங்க?"

அன்றைக்கு எடுத்திருந்தால் நோய் திரும்பியிருக்காதா என்று மருத்துவர்களைக் கேட்டேன். சொல்ல முடியாது, எடுத்தவர்களுக்கும் திரும்பியிருக்கிறது என்றார்கள். அந்த ஆறுதல் ஜமீலாவிடம் செல்லவில்லை. என்னிடமும் செல்லவில்லை.

இதைப் படிக்கும் நீங்கள் அந்த இரண்டு அறைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கலாம். எதை எடுங்கள் என்று சொல்ல நான் யார்? கேட்க வெட்கமாக இருக்கிற கேள்வி ஒன்று உங்களிடம் கட்டாயம் இருக்கும். அதை முதலில் கேட்டுவிடுங்கள். கையெழுத்துப் போடுவது நீங்கள் என்றாலும், பயம் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. வீட்டில் இருப்பவளிடம் உண்மைக் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

ஜமீலா சில நாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, துவைத்த கைலியையும் பேடையும் கட்டில் மேல் வைத்தாள். "பாங்கு சொல்லிட்டாங்க. எழுந்து போங்க" என்றாள்.

இப்போது வாசலை ஒட்டிக் கடைசி வரிசையில் நிற்கிறேன். கழிப்பறையில் முன்னைவிட நேரமாகிறது. காஜா பாய் வெளியேதான் நிற்கிறார், ஆனால் கதவைத் தட்டுவதில்லை. அவர் ஒரு தடவை தட்டிக் கிண்டல் பண்ணினால் தேவலை என்று எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

அடுத்த ஊசி, அடுத்த சோதனை என்று மருத்துவர்கள் மாதக் கணக்கில் பேசுகிறார்கள். என் கணக்கு அவ்வளவு தூரம் போவதில்லை. பகலில் கழுவிச் சுத்தமான உடம்பு மாலை அஸர் தொழுகைக்குச் செல்லாது. மறுபடி குழாயடியில் உட்கார்ந்து கையைக் கழுவுகிறேன், முகத்தைக் கழுவுகிறேன், காலைக் கழுவுகிறேன். எழுந்திருக்கும்போது ஓர் உடம்பு கிடைக்கிறது. அடுத்த பாங்கு வரைக்கும் அது என்னுடையது.