மூக்கு போன வழி

யார் வீட்டுக்குப் போனாலும், செருப்பைக் கழற்றும்போதே ஜான்சி மோவாயைச் சற்றுத் தூக்கி, கண்ணைப் பாதி மூடி ஒரு இழுப்பு இழுப்பார். "நேத்து நெத்திலியா? எண்ணெய் பழசாச்சே! யாருக்கும் வயித்த வலிக்கலையா?" என்பார். உள்ளே யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள்.

செம்பாக்கத்தில் வீடு, தாம்பரத்தில் இன்சூரன்ஸ் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசை. ஆபீசில் சுவருக்குள் ஒயர் கருகுவதை எலக்ட்ரீஷியனுக்கு முன்னால் சொன்னவர் அவர்தான். ஆராதனையின் நடுவே போதகரைப் பார்த்து, "ஐயரோட அங்கில பாச்சை உருண்டை ஜாஸ்தி" என்று பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுத்து, பாட வேண்டிய வரியைக் கோட்டை விட்டவரும் அவர்தான்.

கணவர் ஆரோனுக்குக் கொரோனாவில் போன மோப்பம் திரும்பி வரவேயில்லை. "இவருக்கு பிரியாணியும் பினாயிலும் ஒண்ணுதான்" என்று ஜான்சி அலுத்துக்கொள்வார். ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்ற ஆரோன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆண்டவர் எங்க வீட்டுக்கு ரெண்டு மூக்கு குடுத்தார். ரெண்டையும் இவளே எடுத்துக்கிட்டா" என்பார்.

ஏரிக்கரையில் தினமும் காலை நடை. பாசி, சேறு, கோரைப்புல், அவற்றோடு கலந்து வரும் கொஞ்சம் சாக்கடை எல்லாமே அந்த மூக்குக்குப் பழக்கம். ஆனால் ஒரு சனிக்கிழமை, கரை ஏறுவதற்கு முன்பே ஜான்சி பிரேக் போட்டதுபோல நின்றுவிட்டார்.

"என்னங்க, நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணி மாதிரி அடிக்குது. கூடவே சோப்பு."

கரையோரம் துணி ஊறவைத்த வாளிபோல நுரை ஒதுங்கியிருந்தது. அதற்குள் ஜிலேபி மீன்கள் வயிற்றை வானத்துக்குக் காட்டி மிதந்தன. "வெயில் சார்" என்றார் ஒருவர். "ஆக்ஸிஜன் இல்ல" என்றார் இன்னொருவர். புற்களுக்கிடையில் கைப்பிடியளவு பறவை ஒன்று பிழிந்துபோட்ட துணிபோலக் கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டு ஹரிபிரசாத் மென்பொருள்காரர். விடுமுறை நாட்களில் பைனாகுலரோடு அலைபவர். அவர் குனிந்து பார்த்தார். "முக்குளிப்பான் ஆன்ட்டி. இறகுல ஒரு எண்ணெய்ப் பசை இருக்கும், அதுலதான் தண்ணி ஒட்டாம மிதக்கும். சோப்பு அதைக் கழுவிடுச்சு. இப்ப தண்ணில விட்டா முங்கிடும்."

ஜான்சி துப்பட்டாவை உருவிப் பறவையைச் சுற்றிக் கணவர் கையில் கொடுத்தார். "இதப் பிடிங்க." அடுத்து, ஏரியில் வந்து விழும் மழைநீர்க் கால்வாயின் வாயில் மண்டியிட்டு ஒரு இழுப்பு. "இந்தப் பக்கம்!"

அன்று செம்பாக்கம் கண்ட ஊர்வலம் அது. முன்னால், கால்வாய் மூடியின் ஒவ்வொரு இடுக்கிலும் குனிந்து நிமிர்ந்து ஓடும் ஜான்சி, பின்னால் ஹரிபிரசாத், துப்பட்டாவுக்குள் கொத்திக்கொண்டிருந்த பறவையோடு ஆரோன், பால் வாங்க வந்து வழி மாறிய பொன்னியம்மாள், எதற்கென்றே தெரியாமல் சந்தோஷமாக வாலாட்டிக்கொண்டு வந்த ஒரு தெரு நாய். கால்வாய் இரண்டாகப் பிரியும் முக்கில், பேக்கரிக்காரர் அப்போதுதான் தேங்காய் பன்னை வெளியே எடுத்தார். மூக்கு தடுமாறிவிட்டது.

"தம்பி, அந்த ட்ரேயக் கொஞ்சம் உள்ள வைங்க! இங்க மீன் சாவுது!"

பேக்கரிக்காரர் பயந்துபோய் ஷட்டரையே இழுத்துவிட்டார். ஜான்சி மறுபடி முகர்ந்து, "இடது!" என்று கூவினார். பொன்னியம்மாள் கைதட்டினார்.

இடதுபக்கம் போய் முடிந்த இடம் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே நீலநிறப் பீப்பாய்களை ஹோஸ் பிடித்துக் கழுவிக்கொண்டிருந்த மாரி, வாசலில் வந்து நின்ற கூட்டத்தைப் பார்த்து விழித்தான்.

"இன்னாக்கா, காவாயாண்ட குந்திகினு மோந்துகினு கீற?"

"இதுல என்னப்பா இருந்துச்சு?"

"யாருக்குத் தெரியும்? இங்கிலீஷ்ல எழுதிகீது. கழுவி வுடுன்னாங்க, கழுவிகினு கீறேன். கையப் பாரு, தோலு தோலா உரியுது."

ஹரிபிரசாத் பீப்பாயில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். பெயின்ட் கரைப்பான். மீனின் செவுளுக்கும் ஆகாது, மனிதத் தோலுக்கும் ஆகாது. அதுவரை துள்ளிக்கொண்டிருந்த ஜான்சி, மாரியின் உள்ளங்கையைப் பார்த்ததும் அவனிடமிருந்து ஹோஸை வாங்கிக் கீழே போட்டார். அப்புறம் தானே போய்க் குழாயை மூடினார்.

இடத்தின் சொந்தக்காரர் தட்சிணாமூர்த்தி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஏரிப் பாசனத்தில் நெல் விளைத்த குடும்பம். இப்போது கொட்டகை வாடகை.

"வெறும் சோப்புத் தண்ணிம்மா. இதுல இன்னா வந்துடப் போவுது?"

"அப்ப நீங்களே மோந்து பாருங்க சார்."

கௌரவம் விடவில்லை, குனிந்தார். எழுந்தபோது கண்ணில் தாரை தாரையாக நீர், ஓயாத தும்மல். தும்மலுக்கு நடுவே ஆரோன் கையிலிருந்த முக்குளிப்பான் தலையை வெளியே நீட்டி, அலகைத் திறந்து அவரைப் பார்த்து ஒரு திட்டுத் திட்டியது.

"யோவ், இது... நம்ம ஏரிக்கா போவுது?" என்று அவர் கொட்டகையை வாடகைக்கு எடுத்திருந்த பீப்பாய்க்காரருக்குப் போன் போட்டுக் கத்தியதைத் தெருவே கேட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாக்கும் சிமென்டும் வைத்து, கால்வாய்க்குப் போகும் கழிவுக் குழாயின் வாயை அவரே அடைத்தார். பீப்பாய்க்காரர் ஜான்சியின் வீட்டுக்கே வந்து மிரட்டிப் பார்த்தார். ஜான்சி அவரை முகர்ந்து, "பல்லு சொத்தை, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று அனுப்பிவைத்தார். பின்னர் அதிகாரிகள் வந்து பாட்டில்களில் தண்ணீர் எடுத்துப் போனார்கள். கொட்டகைக்குச் சீல் விழுந்தது. மாரி இப்போது அந்தப் பேக்கரியில் பன் அடுக்குகிறான். கை ஆறி வருகிறது.

முக்குளிப்பான் ஜான்சி வீட்டுக் குளியலறையை எடுத்துக்கொண்டது. ஆரோன் வேளாவேளைக்கு டப்பில் நல்ல தண்ணீர் மாற்றினார், பொடிமீன் வாங்கிவந்தார். அது அலகால் இறகை ஓயாமல் கோதிக் கோதிப் பசையை மீட்டது. விடியற்காலையில் அது போட்ட நீண்ட கிலுகிலுப்பில் தெருவே எழுந்தது. "நம்ம பாட்டுக் குழுல இப்படி ஒரு குரல் இல்லையே" என்று ஜான்சி சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இரண்டு நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலை, எல்லாரும் கரையில் கூடினார்கள். செத்த மீன்களுக்குப் பதில் புது மீன் பெருகக் காலமாகும் என்றார் ஹரிபிரசாத். ஜான்சி தண்ணீரை முகர்ந்தார். "பாசி. சேறு. கொஞ்சம் சாக்கடை. விடலாம்."

தண்ணீரில் விட்டதும் பறவை ஒருமுறை மிதந்து பார்த்தது. சட்டென்று முங்கியது. வட்டங்கள் விரிந்தன, அடங்கின. எழவில்லை. பொன்னியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார்.

தூரத்தில், அல்லிக்கு அப்பால், ஒரு சின்னத் தலை பொசுக்கென்று மேலே வந்தது. கரை முழுக்க விசில். தட்சிணாமூர்த்தி துண்டைச் சுழற்றினார்.

ஜான்சிக்கு அது எதுவுமே தெரியவில்லை. கண்ணை இறுக மூடி, கன்னம் உப்ப, பறவையோடு சேர்ந்து தானும் முங்கியவர்போல, விரல்களால் மூக்கை அழுத்திப் பிடித்து மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். "எழுந்துடுச்சு, எழுந்துடுச்சு" என்று சொல்லி, ஆரோன்தான் அந்த விரல்களைப் பிரித்துவிட வேண்டியிருந்தது.